ஹோம்டெலின் கண்ணாடிக் கட்டடம்

முதலில் கண்ணில் படுவது தண்ணீர்த் தொட்டி. மூன்று மெலிந்த கால்கள், அவற்றின் மேல் வெள்ளையாக, வட்டமாக ஒரு தலை. மேப்பிள் மரங்களும் குதிரைகள் மேயும் புல்வெளிகளுமாக வந்த சாலை ஒரு திருப்பத்தில் விலகிக்கொள்ள, மரங்களுக்கு மேலே அது நிற்கிறது. டிரான்சிஸ்டரின் வடிவம் என்கிறார்கள். பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சின்ன உலோகக் குமிழும் அதிலிருந்து இறங்கும் மூன்று கம்பிகளுமாகத்தான் அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1947இல் பார்டீன், பிராட்டன், ஷாக்லி மூவரும் அதைக் கண்டுபிடித்தது பெல் ஆய்வகத்தின் முர்ரே ஹில் வளாகத்தில். அதே நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹோம்டெல் என்ற இந்த ஊரில், அடுத்த பெரிய வளாகத்தைக் கட்டியபோது வாசலில் அதையே அடையாளமாக நிறுத்திவிட்டார்கள்.

"நாடகத்துல வர்ற தொட்டி இதுதான் மாமா" என்றாள் அக்கா மகள். அவள் வேலை செய்யும் நிறுவனம் இப்போது இந்தக் கட்டடத்தில்தான் இடம் பிடித்திருக்கிறது. அவள் தினமும் வந்துபோகும் இடம் எனக்குத் திரையில் மட்டுமே பழக்கம்.

2022 பிப்ரவரியில் ஆப்பிள் டிவியில் வெளிவரத் தொடங்கிய 'செவரன்ஸ்' தொடரில் லூமன் என்ற நிறுவனத்தின் தலைமையகமாக வருவது இந்தக் கட்டடம். அங்கே சிலர் மூளையில் ஓர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வேலைக்குச் சேர்கிறார்கள். லிப்டில் கீழே இறங்கியதும் வீடு, மனைவி, பிள்ளை, சொந்தப் பெயரின் வரலாறு எல்லாம் அற்றுப்போகும். மாலையில் மேலே வந்ததும் அன்று செய்த வேலை என்னவென்று தெரியாது. மார்க் என்ற நாயகன் மனைவியை இழந்த துயரத்தை நாளுக்கு எட்டு மணி நேரமாவது மறந்திருக்கலாம் என்று இதற்குச் சம்மதிக்கிறான். ஆனால் அந்த எட்டு மணி நேரத்துக்குள் இன்னொருவன் பிறந்துவிடுகிறான். அவனுக்கு அலுவலகத்தைத் தவிர உலகம் கிடையாது. தூக்கமும் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. கதையை உருவாக்கிய டான் எரிக்சன், கதவு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சலிப்பூட்டும் வேலை பார்த்த நாட்களில், இந்த எட்டு மணி நேரம் தெரியாமலே கழிந்துவிடக்கூடாதா என்று நினைத்ததிலிருந்து பிறந்த கற்பனை இது. பென் ஸ்டில்லர் பல பகுதிகளை இயக்கியிருக்கிறார்.

தொடரில் இங்கே எப்போதும் பனிக்காலம். சாம்பல் வானம், அசைவற்ற மரங்கள், பனி படிந்த வண்டி நிறுத்தம். நான் போனது இலைகள் சிவக்கும் அக்டோபரில். தொட்டியைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்து பெரிய நீள்வட்டமாகக் கட்டடத்தைச் சுற்றுகிறது. 472 ஏக்கர் நிலத்தில் அமைந்த வளாகம் இது. குளத்தில் கனடா வாத்துகள். புல் சரிவுக்கு அப்பால் இன்னொரு வானமும் இன்னொரு வரிசைச் சிவந்த மரங்களும் தெரிந்தன. அவை கட்டடத்தின் சுவர் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. இருபது லட்சம் சதுர அடிக் கட்டடம் தன்னை மறைத்துக்கொண்டு, எதிரில் இருப்பதை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இதை வரைந்தவர் ஈரோ சாரினென். 1910இல் பின்லாந்தில் பிறந்து, கட்டடக் கலைஞரான தந்தையோடு சிறுவயதிலேயே அமெரிக்கா வந்தவர். செயின்ட் லூயிஸ் நகரின் பெரிய வளைவும், நியூயார்க் விமான நிலையத்தில் பறவை சிறகு விரித்தாற்போல் நிற்கும் டி.டபிள்யூ.ஏ. முனையமும் அவருடையவை. ஒற்றைத் தண்டின் மேல் நிற்கும் 'டூலிப்' நாற்காலியும் அவர் வடிவமைத்ததே. வளைவுகளின் கலைஞன் என்று பெயர் எடுத்தவர், ஹோம்டெலில் ஒரு வளைவும் இல்லாத பெட்டியை வைத்தார். வளைவையெல்லாம் சாலைக்கும் குளத்துக்கும் விட்டுவிட்டார். 1961 செப்டம்பரில், 51 வயதில், மூளைக் கட்டியால் இறந்துபோனார். கட்டடம் 1962இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. அவரிடம் பணியாற்றிய கெவின் ரோச்சும் ஜான் டின்கலூவும் பிறகு அதை விரிவாக்கினார்கள்.

கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய சுவரைக் கண்ணாடியால் மூடினால் கோடையில் உள்ளே வெந்துபோகும். அதற்காகத்தான் கண்ணாடியின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு பூசி, வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினார்கள். அழகு பிறகு வந்தது. முதல் தேவை வெப்பம். இந்த அளவில் அதைச் செய்து காட்டிய முதல் கட்டடங்களில் ஒன்று இது. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், ஆகையால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வானம் மட்டும் தெரியும். இரவில் நிலைமை தலைகீழாகும். விளக்கெரியும் உள்பக்கம் முழுதும் வெளியே தெரிந்துவிடும்.

உலகம் முழுக்கத் தொழில்நுட்பப் பூங்கா என்றாலே இன்று நம் மனத்தில் எழும் உருவத்தின் மூதாதை வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. இங்கே வருவதற்கு முன் அக்கா மகள் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடி மாளிகையில் வேலை பார்த்தவள். "அங்க என் சீட்டு ஜன்னல் பக்கம்தான் மாமா. ஆனா ஸ்கிரீன்ல கண்ணு கூசும்னு நாள் பூரா பிளைண்ட்ஸ இறக்கித்தான் வெச்சிருப்போம். மழை பெய்யுதான்னு போன்ல பாப்போம்." அவள் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தைகள், உள்ளே போனபின் எனக்கு மறுபடி மறுபடி ஞாபகம் வந்துகொண்டிருந்தன.

உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. கால் மைல் நீளத்துக்கு ஒரு வெளி. மேலே கண்ணாடிக் கூரை. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக மாடிகள், குறுக்கே பாலங்கள். தொடரில் மார்க் காலையில் தனியாக இதைக் கடந்து லிப்டுக்குப் போவான். காமிரா தூரத்தில் நின்றுகொண்டு, அவனைச் சமச்சீரான கோடுகளுக்கு நடுவே சின்னஞ்சிறு உருவமாகக் காட்டும். நிறுவனர் கியர் ஈகனின் பெரிய முகம் சுவரில் புடைத்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முகம் இங்கே கிடையாது. நான் நின்ற இடத்தில் ஒரு பெண் குழந்தை ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனாள். பின்னால் அவள் தாத்தா காபிக் கோப்பையோடு நடந்தார். தரைக்குக் கொஞ்சம் கீழே இறக்கி அமைத்த இருக்கைக் குழிகளில் மடிக்கணினிகளோடு இளைஞர்கள். ஒரு பக்கம் உணவுக் கடைகள். இன்னொரு பக்கம் மான்மத் கவுண்டி நூலகத்தின் ஹோம்டெல் கிளை. அங்கே கதை நேரம் முடிந்து சிறுவர்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. ஊரின் கடைத்தெருவைக் கூரைக்கடியில் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது.

இந்த நிலைக்கு வந்தது எளிதில் அல்ல. உச்ச காலத்தில் சுமார் 6,000 பேர் இங்கே வேலை செய்தார்கள். 1984இல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏ.டி.&டி. நிறுவனம் உடைக்கப்பட்டது, 1996இல் ஆய்வகம் லூசென்ட் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று, 2006இல் லூசென்ட் பிரான்சின் அல்கடெல்லோடு இணைந்தது. அந்த ஆண்டே கட்டடத்தை விற்க முடிவாகி, வாங்க வந்தவர்கள் இதை இடித்துவிட்டுப் புதிய அலுவலகங்கள் கட்டத் திட்டமிட்டார்கள். பழைய விஞ்ஞானிகளும் கட்டடக் கலைஞர்களும் ஊராரில் ஒரு பகுதியினரும் எதிர்த்து எழுதினார்கள், கூடிப் பேசினார்கள். விற்பனை நின்றது. கடைசி ஊழியர்களும் 2007இல் போய்விட, ஆண்டுக்கணக்கில் மாளிகை காலியாகக் கிடந்தது. 2013இல் ஒரு நிறுவனம் இதை 2.7 கோடி டாலருக்கு வாங்கி, பல அலுவலகங்களும் கடைகளும் நூலகமுமாக 'பெல் ஒர்க்ஸ்' என்று திறந்தது. 2017இல் நாட்டின் வரலாற்று இடங்களின் பட்டியலில் இது சேர்ந்தது. கூரைக் கண்ணாடியை மாற்றியபோது சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கண்ணாடியாகவே பதித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் வெயிலைத் திருப்பி அனுப்பிய கட்டடம் இப்போது அதை வேலை வாங்குகிறது.

நான் பார்க்க வந்தது இந்தக் கடைத்தெருவை அல்ல, பழைய அறைகளை. அக்கா மகள் மேல் மாடிக்கு அழைத்துப் போனாள். அங்கேதான் சாரினெனின் திட்டம் முழுதாகப் புரிந்தது. ஆய்வு அறைகளையும் அலுவலகங்களையும் அவர் கட்டடத்தின் வயிற்றில் வைத்தார். அவற்றுக்கு வெளி ஜன்னல் இல்லை. கண்ணாடிச் சுவரையொட்டி, அதன் நீளம் முழுதும், நடைபாதையை விட்டார். ஆகக்கூடி, குளமும் மரமும் வானமும் நடப்பவருக்கு, உட்கார்ந்திருப்பவருக்குச் சுவர். சற்று முன்னால் நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுனில் ஐ.பி.எம். ஆய்வு மையத்துக்கும் அவர் இதே முறையைத்தான் கையாண்டார். குழல் விளக்கும் குளிர்சாதனமும் வந்த பிறகு அறைக்கு ஜன்னல் எதற்கு என்பது அந்தக் காலத்தின் நம்பிக்கை. ஜன்னலோரம் கிடைத்தவர்களும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டுதானே வேலை செய்கிறார்கள் என்பது வாதம். அக்கா மகளின் சென்னை அலுவலகத்து பிளைண்ட்ஸ் அந்த வாதத்துக்குச் சாட்சி சொல்வதுபோல் எனக்குக் கேட்டது.

இன்னொரு காரணமும் இருந்தது. முர்ரே ஹில் வளாகத்தின் நீண்ட தாழ்வாரங்களில் வேதியியலாளரும் கணித மேதையும் மின்பொறியாளரும் ஒருவரையொருவர் தவிர்க்க முடியாமல் சந்தித்துக்கொண்டதால்தான் பெரிய காரியங்கள் நடந்தன என்று பெல் ஆய்வகத்தார் உறுதியாக நம்பினார்கள். ஆகவே ஹோம்டெலில் தாழ்வாரத்துக்கே ராஜ மரியாதை. அறையில் தனியாக யோசி, வெளியே வந்தால் வெளிச்சத்தில் நட, நடக்கும்போது எவரையாவது சந்தி.

இது பலித்ததா? இதே கட்டடத்தில் 1985இல் ஸ்டீவன் சூ ஆறு திசைகளிலிருந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சி, சோடியம் அணுக்களைக் கிட்டத்தட்ட நின்றுபோகும் அளவுக்குக் குளிர்வித்தார். 1997இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. லேசர் மேசைக்கு ஜன்னல் தேவையில்லை, இருட்டுதான் வசதி. ஹோம்டெலில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரெங்கியலும் ஜோயல் எங்கலும் நகரத்தைச் சிறு சிறு அறுகோணங்களாகப் பிரித்து, ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு அழைப்பைக் கைமாற்றும் முறையைத் திட்டமிட்டார்கள். நம் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியின் 'செல்' என்பது அந்த அறுகோணம்தான். அறைக்குள் இருந்தவர்கள் உலகத்தை மறக்கவில்லை; உலகத்தின் வரைபடத்தையே மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள்.

ஆனாலும் செவரன்ஸ் குழுவினர் இங்கே எதையோ சரியாகக் கண்டுகொண்டார்கள் என்றே நினைக்கிறேன். தொடரின் கீழ்த்தளம், அந்த முடிவற்ற வெள்ளைத் தாழ்வாரங்கள், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பச்சைக் கம்பள அறை எல்லாம் வேறிடத்தில் அரங்கமாகப் போட்டவை. இங்கே எடுத்தவை வெளிப்புறமும் இந்தப் பெரிய கூடமும் வண்டி நிறுத்தமும்தான். ஆனால் கீழே ஜன்னலே இல்லாத ஒரு தளத்தைக் கற்பனை செய்துவிட்டு, அதன் மேல்மூடியாக உலகத்தில் எத்தனையோ கண்ணாடிக் கட்டடங்கள் இருக்க, ஜன்னலை அறைகளுக்குக் கொடுக்காத கட்டடத்தையே வைத்திருக்கிறார்கள். கட்டடக் கலைப் புத்தகங்களில் ஹோம்டெலின் வெளிச்சுவரைத்தான் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். உள்ளே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவரின் நாற்காலியிலிருந்து இது எப்படித் தெரிந்தது என்று கேட்டது ஒரு தொலைக்காட்சி நாடகம். அந்தக் கேள்விக்காக அதன்மேல் எனக்கு மரியாதை.

அதே மூச்சில் இதையும் சொல்லவேண்டும்: அந்தப் பயங்கரத்தைக் கட்டடத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. திரையில் இந்தக் கூடத்தை அச்சமூட்டுவதாக ஆக்குவது அதன் அகலமோ உயரமோ அல்ல, ஆள் இல்லாததுதான். வெளியே பனி, உள்ளே ஒற்றை மனிதன், சுவரில் ஒரு முகம். மூன்றையும் எடுத்துவிட்டால் இதே அளவுகள் மனத்தை விரியச் செய்கின்றன. நான் இருந்த நேரத்தில் ஒரு முனையில் யாரோ பியானோவைத் தட்டினார்கள். அந்த ஒலி கால் மைல் தூரம் தேய்ந்துகொண்டே வந்தது. அக்கா மகளின் அலுவலகத்தில் கூடத்தைப் பார்த்த பக்கம் இப்போது கண்ணாடி. அவள் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் நூலகத்துக்குப் போகும் குழந்தைகள் தெரிகிறார்கள். சாரினென் கொடுக்காத ஜன்னலைப் பின்னால் வந்தவர்கள் உள்பக்கமாகத் திறந்திருக்கிறார்கள்.

"புதுசா சேர்றவங்க முதல் நாள் லிப்டுல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க மாமா. கீழ போனா வீடு மறந்துடுமான்னு கேட்டு சிரிப்பாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அது உல்டா. வீட்டுக்குப் போனா ஆபீஸ் மறக்கணும். அதான் நடக்க மாட்டேங்குது." நாற்பது பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பானவள். சென்னையில் இருக்கும் பாதிக் குழுவோடு இரவு பத்தரைக்குப் பேசுகிறவள். தொடரில் வருவது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கத்தி வைத்துக் கீறிய கோடு. அவள் தலைமுறைக்கு அந்தக் கோடே அழிந்துவிட்டது. இந்தக் கதை இத்தனை பேரைப் பிடித்து உலுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. பயந்தபடியே பார்க்கும் ஒருவருக்கு அடிமனத்தில் ஒரு சிறு ஆசையும் இருக்கிறது.

வெளியே வந்து புல்வெளியில் நடந்தோம். வளாகத்துக்குள் ஓரிடத்தில், சட்டங்களை இணைத்துச் செய்த ஒரு சிற்பம் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நிலம் பெல் நிறுவனத்தின் வானொலி ஆய்வுக் களமாக இருந்தது. உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர், அட்லாண்டிக் கடலைத் தாண்டிய தொலைபேசி உரையாடலில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பணிக்கப்பட்டார். போர்டு மாடல் டி கார் சக்கரங்களின் மேல் சுழலும் நீண்ட ஆன்டெனாவைக் கட்டினார். இடி மின்னலைக் கழித்த பிறகும் ஒரு மெல்லிய சீற்றம் மிஞ்சியது. அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தது. சூரியனின் நாள் 24 மணி. விண்மீன்களின் நாள் அதைவிட நாலு நிமிடம் குறைவு. ஆகவே அந்த ஒலி பால்வெளியிலிருந்து வருகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். 1933இல் அது வெளியானது. வானொலி வானியல் அங்கே தொடங்கியது. ஜான்ஸ்கி அதைத் தொடர விரும்பினார். நிறுவனத்துக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டதால் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். 1950இல், 44 வயதில் இறந்தார். அவர் ஆன்டெனாவின் நினைவாகத்தான் அந்தச் சிற்பம்.

அங்கிருந்து காரில் சில நிமிடத்தில் கிராபோர்ட் ஹில். மான்மத் கவுண்டியிலேயே உயரமான இடம் என்றாலும் சிறு குன்றுதான். உச்சியில், பக்கவாட்டில் படுத்த ஒரு பெரிய அலுமினியக் கொம்பு. இருபதடி அகல வாய். கூர்முனையை ஒட்டி ஒரு சின்னக் கொட்டகை. எக்கோ என்ற பலூன் செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையைப் பிடிக்க 1959இல் கட்டியது. 1964இல் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் இதை வானத்தை நோக்கித் திருப்பியபோது, எந்தத் திசையிலும் எந்த நேரத்திலும் குறையாத ஓர் இரைச்சல் கேட்டது. இணைப்புகளைச் சரிபார்த்தார்கள். கொம்புக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்த வெப்பத்தின் மிச்சம் அது. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு.

அந்த இரைச்சல் கேட்டபோது கண்ணாடிக் கட்டடம் திறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹோம்டெலின் ஆகப்பெரிய செய்தி அந்த மாபெரும் கூடத்துக்கோ தாழ்வாரத்துக்கோ வரவில்லை, இந்தக் கொட்டகைக்கு வந்தது. சாரினெனின் கட்டடத்தின் மேல் எனக்குள்ள ஈடுபாடு இதனால் குறையவில்லை. ஆனால் கண்டுபிடிப்புகளின் புகழைச் சுவர்களுக்குக் கொடுத்துப் பேசுவதை இனி அவ்வளவு எளிதாக ஏற்க மாட்டேன்.

இந்தக் குன்றையும் வீடுகள் கட்ட விற்றுவிடும் நிலை சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. ஊர் மக்கள் மறுபடி எழுந்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள், ஊர் மன்றக் கூட்டங்களில் போய் நின்றார்கள். கடைசியில் ஹோம்டெல் ஊர் நிர்வாகமே நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கி, ராபர்ட் வில்சனின் பெயரையும் வைத்தது. கட்டடத்துக்கு ஒருமுறை, கொம்புக்கு ஒருமுறை என்று ஒரே தலைமுறைக்குள் இரண்டு முறை தங்கள் ஊரின் நினைவைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் இவர்கள். நாயோடு நடக்க வந்த ஒரு முதியவர், கொட்டகையின் எந்தப் பக்கம் வாசல் என்று எங்களுக்குக் காட்டினார்.

அக்கா மகள் இத்தனை நாளில் இங்கே வந்ததே இல்லை. கொம்பைச் சுற்றிவந்து எல்லாப் பக்கமும் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம் குழுவில் நாலைந்து பேரைச் சாப்பாட்டோடு இங்கே கூட்டிவரப் போவதாகச் சொல்லி, கூட்டங்கள் இல்லாத நேரம் எது என்று போனில் தேடத் தொடங்கினாள்.